அனுப்பியாச்சு சரி, வந்து சேர்ந்ததா?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. மழை விட்ட பிறகும் தொல்லை விடவில்லை. சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணைத் தண்ணீர் கடலூர்ப் பக்கத்துக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. பாகூர்ப் பக்கம் இருக்கும் புதுச்சேரி ஊர்களிலும் அதே ஆற்றுத் தண்ணீர்தான். நிவாரணம் மட்டும் இரண்டு விதம். தமிழ்நாட்டு அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரூ.2,000 அறிவித்து, ரேஷன் கடை வழியாகக் கொடுத்தது. புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் அட்டைக்கும் ரூ.5,000 அறிவித்து வங்கிக் கணக்கில் போட்டது.

கடலூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கன்னியக்கோவில் வந்து ஆட்சி மாறிவிடும். அதனால் டீக்கடைப் பேச்சு முழுக்க இரண்டாயிரமா ஐந்தாயிரமா என்பதைச் சுற்றித்தான். எனக்கு அப்போது மண்டையில் ஓடிய கேள்வி வேறு. பணம் வராமல் போன குடும்பம் எது என்று எந்த அரசுக்கு முதலில் தெரிந்திருக்கும்?

ரேஷன் கடையில் டோக்கன் இல்லாதவர் கடை வாசலிலேயே நிற்பார், சத்தம் போடுவார். விற்பனையாளருக்கு அன்று மாலையே தெரியும், மறுநாள் தாலுகா ஆபீசுக்குத் தெரியும். ஆனால் அந்த வரிசைக்காக ஒரு நாள் கூலி போகும். வங்கிக் கணக்கு என்றால் வரிசை இல்லை, கூலி போகாது, நடுவில் கை வைக்க ஆள் இல்லை. வரவில்லை என்றால் சத்தமும் இல்லை. கைபேசியில் மெசேஜ் வரவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மா வங்கிக்குப் போய்ப் பாஸ்புத்தகத்தில் என்ட்ரி போட்டுப் பார்க்கும் வரை அது யாருடைய கணக்கிலும் குறையாகப் பதிவாவதில்லை.

நம் பக்கம் திட்டத்துக்குப் பஞ்சமில்லை. மகளிர் உரிமைத் தொகை, காலை உணவு, முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலை, வீட்டு மனைப் பட்டா என்று பட்டியல் நீளம். ஒரு மாவட்ட நிர்வாகமோ புதுச்சேரி போன்ற சின்ன ஆட்சிப் பகுதியோ ஒரு வருடம் புதிதாக எதையும் அறிவிக்காமல், இருப்பதை ஒழுங்காக நடத்துவதற்குக் கொஞ்சம் பணமும் ஆளும் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எதில் போடுவது? நாட்டில் இதற்கு ஏற்கனவே ஐந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மனு முகாம், கைபேசிச் செயலி, சேவை உரிமைச் சட்டம், சமூகத் தணிக்கை, பயனாளியைப் போனில் கூப்பிட்டுக் கேட்பது. ஐந்தையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடப் போகிறேன்: போய்ச் சேராதது, மேலே இருப்பவருக்கு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது?

புதுச்சேரி அரிசிக் கதை

இந்தக் கேள்வியை ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்பதற்கு, புதுச்சேரியில் அரிசிக்கும் பணத்துக்கும் நடந்த இழுபறியைச் சொல்லியாக வேண்டும்.

2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் மத்திய அரசு உணவு மானியத்தைத் தானியமாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, பணமாக வங்கிக் கணக்கில் போடத் தொடங்கியது. புதுச்சேரி அரசு தன் பங்குக்குக் கொடுக்கும் இலவச அரிசி தனி. அதிலும் பிறகு தகராறு வந்தது. நாராயணசாமி அரசு அரிசிதான் வேண்டும் என்றது. அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண்பேடி பணமாகத்தான் போக வேண்டும் என்றார். கோப்பு இங்கும் அங்கும் போய், விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறி, 2020 பிப்ரவரியில் முதல்வர் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. இடையில் ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன, ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், ரங்கசாமி அரசு கடைகளை மறுபடி திறந்து அரிசியும் சர்க்கரையும் கொடுத்தது.

அரிசி நல்லதா பணம் நல்லதா என்று அரசியல் மேடையில் நிறையப் பேசிவிட்டார்கள். அந்த விவாதத்தில் தொலைந்துபோனது வேறொரு விஷயம். பணமாகக் கொடுக்கத் தொடங்கிய முதல் காலத்தில், நிதி ஆயோக்குக்காக ஓர் ஆய்வுக் குழு புதுச்சேரி, சண்டிகர், தாத்ரா நகர் ஹவேலி என்ற மூன்று யூனியன் பிரதேசங்களிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டது. அரசுப் பதிவேட்டின்படி ஏறக்குறைய எல்லாருக்கும் பணம் போய்விட்டது. வீட்டில் கேட்டால், கணிசமான குடும்பங்கள் வரவில்லை என்றன. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. சிலருக்குப் பணம் அவர்கள் பார்க்கவே பார்க்காத வேறு ஒரு கணக்குக்குப் போயிருந்தது. சிலருக்கு வந்ததே தெரியவில்லை. நாள் போகப் போக நிலைமை சீரானது, பணமே தேவலை என்று சொன்னவர்களும் கூடினார்கள். ஆனால் அந்த முதல் மாதங்களில், புதுச்சேரித் தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து கணினியைப் பார்த்த அதிகாரிக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும். அவருடைய திரையில் இருந்தது அனுப்பிய கணக்கு. பெற்ற கணக்கு எந்தத் திரையிலும் இல்லை.

அரிசி மூட்டைக்கும் இதே வியாதி உண்டு. கிடங்கிலிருந்து லாரி கிளம்பினால் ‘வழங்கப்பட்டது’. பள்ளிக்கூடத்துக்கு மேசை போனால் ‘வழங்கப்பட்டது’. யாரிடம் கேட்டாலும் தன் கையை விட்டுப் போன கணக்கைத்தான் சொல்வார்கள்.

மனு முகாம்

தமிழ்நாட்டில் ஆட்சிக்கு யார் வந்தாலும் முதலில் கைவைப்பது இதில்தான். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். புகார் சொல்ல 1100 என்ற எண். 2023 டிசம்பரில் ‘மக்களுடன் முதல்வர்’. 2024 ஜனவரியில், கலெக்டர் ஒரு தாலுகாவில் ஒரு நாள் தங்கிப் பார்க்கும் ‘உங்களைத் தேடி, உங்கள் ஊரில்’. 2025 ஜூலை 15 அன்று நம் சிதம்பரத்தில் தொடங்கிவைத்த ‘உங்களுடன் ஸ்டாலின்’, 45 நாளில் தீர்வு என்ற வாக்குறுதியோடு.

முகாமை மட்டம் தட்ட எனக்கு மனசில்லை. ஒரே பந்தலுக்குள் மின்வாரியமும் வருவாய்த் துறையும் சமூகநலத் துறையும் உட்கார்ந்திருந்தால், அலைச்சல் உண்மையாகவே குறையும். பெயர் திருத்தம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் போன்றவை அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு.

சிக்கல் எங்கே என்று ஒரு உதாரணம். எங்கள் தெருவில் ஒரு அக்கா, கணவர் இறந்து போய்விட்டார். விதவை உதவித்தொகை நின்றுபோனது. ஆதாரில் இருக்கும் பெயருக்கும் வங்கியில் இருக்கும் பெயருக்கும் ஒரு எழுத்து வித்தியாசம். திங்கட்கிழமை மனு எழுதி எடுத்துக்கொண்டு போனார். வாசலில் போலீஸ்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்து உள்ளே விட்டார், யாராவது மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்வார்களோ என்ற பயம். மனு கொடுத்து, எண் போட்ட ரசீது வாங்கி வந்தார். கொஞ்ச நாளில் மெசேஜ் வந்தது: மனு தொடர்புடைய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது, முடித்துவைக்கப்பட்டது. தொடர்புடைய அலுவலர், முதலில் இவரைத் திருப்பி அனுப்பியவரேதான். அக்கா அதே மெசேஜை எடுத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார். இப்போது அது புது மனு. அரசுக் கணக்கில் வந்த மனு இரண்டு, தீர்ந்த மனு ஒன்று. பணம் இன்னும் வரவில்லை.

மனு முகாமின் அடிப்படைப் பலவீனம் இதில் வெளிப்பட்டுவிடுகிறது. வருகிறவர் குரல்தான் கேட்கும். விவரம் தெரிந்தவர், பஸ்ஸுக்குக் காசு இருப்பவர், ஒரு நாள் கூலியை விடத் துணிந்தவர் வருவார். வேப்பூர்ப் பக்கத்து உள் கிராமத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி வரமாட்டார். அப்புறம், ‘முடித்துவைத்த மனு’ என்பது அலுவலர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். மனு கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் மனுவை மூடக்கூடாது என்ற ஒரே ஒரு விதி வந்தால் போதும், முகாமின் மதிப்பு இரண்டு மடங்காகும். அது வராத வரை முகாமுக்கு இன்னும் பணம் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

செயலி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல், தொழிலாளர்களின் படத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, வேலைக்குச் சம்பந்தமில்லாத படம் ஏறுகிறது, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், படத்தில் இருக்கும் ஆள் எண்ணிக்கையும் பதிவில் இருக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று புலம்பியது. ஏமாற்ற நினைத்தவர் ஒரு வாரத்தில் வழி கண்டுபிடித்துவிட்டார். டவர் கிடைக்காத ஏரிக்கரையில் உண்மையாக வேலை செய்தவருக்குத்தான் வருகை விழாமல் போகும்.

ரேஷன் கைரேகையும் இந்த வகைதான். கள்ள பில்லைக் குறைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கி, விரல் நுனி கறுத்து வழவழவென்று ஆகிவிடும். மெஷின் அந்த விரலை ஏற்காது. துடைத்துவிட்டு வை, அடுத்த விரலை வை என்று விற்பனையாளர் சொல்லிக்கொண்டே இருப்பார், பின்னால் வரிசை முனகும். கருவிழிப் பதிவும் ஓ.டி.பி.யும் பிறகு வந்து ஓரளவு கைகொடுத்தன. ரேகை விழாமல் திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கை மெஷினிலேயே இருக்கிறது. அதைத் தாலுகா வாரியாக மாதா மாதம் எடுத்துப் பார்த்தால் செயலிக்குச் செலவழித்ததில் பாதியாவது திரும்பக் கிடைக்கும்.

சேவை உரிமைச் சட்டம்

மத்தியப் பிரதேசம் 2010இல் தொடங்கிவைத்தது. சான்றிதழ், பட்டா நகல், குடிநீர் இணைப்பு போன்றவற்றுக்குக் கெடு நாள் குறித்து, தாமதம் செய்யும் அலுவலர் சம்பளத்திலிருந்து அபராதம் பிடிக்க வழிசெய்தது. நாள் ஒன்றுக்கு ரூ.250, அதிகபட்சம் ரூ.5,000. பீகார் 2011இல் பின்தொடர்ந்தது. கர்நாடகத்தில் ‘சகாலா’ என்ற பெயரில் வந்தது. அங்கே தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் விண்ணப்பதாரருக்கு ரூ.20, அதிகபட்சம் ரூ.500. தமிழ்நாட்டிலும் இப்படிச் சட்டம் வேண்டும் என்று பல அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகின்றன.

இருபது ரூபாய்க்காக யாரும் மேல்முறையீட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனால் கெடு தேதி அச்சிட்ட ரசீது கையில் இருந்தால், ‘நாளைக்கு வா’ என்று சொல்ல அலுவலருக்கு நாக்கு எழும்பாது. வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று போன்ற வேலைகளுக்கு இந்த ஐந்தில் மிகச் சிறந்தது இதுதான் என்பேன். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் சாதிச் சான்றுக்காக வி.ஏ.ஓ. பின்னால் அலைந்த எந்தத் தகப்பனும் இதை ஒத்துக்கொள்வார்.

உதவித்தொகை, வீடு, நிவாரணம் போன்றவற்றுக்கு இந்தச் சட்டம் அவ்வளவாக உதவாது. அங்கே சண்டை எத்தனை நாள் என்பதில் இல்லை, யார் தகுதி என்பதில். கெடு நெருங்கினால் கடைசி நாளன்று ‘தகுதியின்மை’ என்று எழுதி நிராகரித்துவிட்டு அபராதத்திலிருந்து தப்பிக்கலாம்.

இதே குடும்பத்தில் பீகாரின் இன்னொரு சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. 2015இல் இயற்றி 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்த பொதுக் குறைதீர்ப்பு உரிமைச் சட்டம். புகார் கொடுத்தவரையும் சம்பந்தப்பட்ட அலுவலரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு விசாரணை அலுவலர் கேட்பார். 60 வேலை நாளில் எழுத்தில் உத்தரவு. எங்கள் தெரு அக்காவின் மனு அங்கே போயிருந்தால், அது தப்பு செய்தவரின் மேசைக்கே திரும்பியிருக்காது. நம் திங்கட்கிழமைக் கூட்டத்தில் இல்லாதது இந்த எதிரெதிர் நாற்காலிதான்.

சமூகத் தணிக்கை

2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நூறு நாள் வேலைகளைக் கிராம சபையே தணிக்கை செய்ய வேண்டும் என்று சொன்னது. வெளியூரிலிருந்து வரும் தணிக்கைக் குழு ஊரில் தங்கி, வருகைப் பதிவேட்டை எடுத்து வீடு வீடாகச் சரிபார்த்து, கடைசியில் கூட்டத்தில் உரக்க வாசிக்கும். அந்த உரக்க வாசிப்பதில்தான் அதன் பலமே. ‘இந்த ஆள் செத்து மூணு வருசம் ஆச்சே’ என்று ஒரு பாட்டி சொல்லிவிட்டால், எந்தக் கணினியும் அதை மறைக்க முடியாது. பட்டியலில் வரத்தகாதவர் யார், வரவேண்டியவர் யார் என்று ஊருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அலுவலருக்கும் தெரியாது.

ஆனால் வாசிப்பதற்குச் சபை வேண்டுமே! புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் காலம் 2011இல் முடிந்த பிறகு தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. கேள்வி கேட்கப்படும் அலுவலரே கூட்டத்தையும் கூட்டினால் அது எப்படித் தணிக்கையாகும்? கடலூர் மாவட்டத்து ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவி 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தியோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை கூட்ட விதி இருக்கிறது. தலைவர் இல்லாத ஊரில் அது கையெழுத்து வாங்கும் சடங்காகப் போய்விடும் அபாயம் அதிகம்.

இன்னொரு குறையும் உண்டு. சமூகத் தணிக்கையை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியது ஆந்திரா. அங்கே முறைகேடுகள் ஏராளமாக வெளிவந்தன. கண்டுபிடித்த தொகையில் திரும்ப வசூலானது சொற்பம், வேலை போனவர்கள் மிகச் சிலர். தண்டனை வராது என்று தெரிந்தால், வாசிக்கப்படும் வெட்கத்துக்கும் ஒரு கட்டத்தில் பழகிவிடுவார்கள். நகரத்துக்கு இது பொருந்துவதும் கடினம். 45 வார்டு உள்ள கடலூர் மாநகராட்சியில் பக்கத்துத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது.

போன் போட்டுக் கேட்பது

ஐந்தாவது வழி, கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிமையானது. பணமோ பொருளோ போய்ச் சேர வேண்டியவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, போன் போட்டு, வந்ததா என்று கேட்பது.

2018இல் தெலங்கானா அரசு ‘ரைத்து பந்து’ திட்டத்தில் ஏக்கருக்கு ரூ.4,000 என்று விவசாயிகளுக்குக் காசோலை கொடுத்தது. அப்போது ஆய்வாளர்கள் அரசோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். குலுக்கலில் விழுந்த சில மண்டலங்களின் வேளாண் அலுவலர்களிடம் மட்டும், உங்கள் பகுதி விவசாயிகளைப் போனில் கூப்பிட்டுக் கேட்டு அதை வைத்து உங்கள் வேலையை மதிப்பிடப் போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஊக்கத்தொகை கிடையாது. சொன்னது மட்டும்தான். அந்த மண்டலங்களில் காசோலை கிடைத்த விவசாயிகளின் எண்ணிக்கை ஒன்றரை சதவீதம் போலக் கூடியது. குறைந்த நிலம் வைத்திருந்தவர்களிடம் அதைவிடக் கூடுதலாக. ஒன்றரை சதவீதம் சின்னதுதான். ஆனால் செலவோடு ஒப்பிட்டால், கூடுதலாகப் போய்ச்சேர்ந்த பணத்துக்கு முன்னால் போன் பில் ஒன்றுமே இல்லை.

கடலூருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாவட்டத்தில் பத்து தாலுகா. தாலுகாவுக்கு மாதம் 200 பேர் என்றால் 2,000 அழைப்பு. ஒருவர் ஒரு நாளைக்கு 40 பேரிடம் பேசினால், மாதம் 25 நாளில் 1,000. ஆக இரண்டு ஆள் வேலை. எடுக்காதவர்களைத் திரும்பக் கூப்பிட இன்னும் இரண்டு ஆள் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு முகாம் பந்தலுக்கும் ஃபிளெக்ஸுக்கும் ஆகும் செலவை நினைத்தால் இதெல்லாம் ஒரு செலவா? 200 பேரில் நூலிழை வித்தியாசம் தெரியாது, ஆனால் திட்டக்குடியில் 30 பேருக்கு வரவில்லை, சிதம்பரத்தில் 5 பேருக்குத்தான் வரவில்லை என்றால், திட்டக்குடியில் ஏதோ கோளாறு என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். கலெக்டர் யாரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நம் ஊருக்கென்று சில தொந்தரவுகள் உண்டு. பதிவில் இருக்கும் எண் பல வீடுகளில் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுடையது. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் கடலுக்குப் போய் வந்தவர் பகலில் தூங்குவார், சாயங்காலம்தான் பேச முடியும். இதைவிடப் பெரிய சிக்கல், ‘பேங்க்ல இருந்து பேசறோம்’ என்று ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றும் கும்பல்களுக்குப் பயந்து, அரசிலிருந்து பேசுகிறோம் என்றாலே மக்கள் போனை வைத்துவிடுவது. அதனால் ஒரே ஒரு எண்ணை மட்டும் பயன்படுத்தி, அதை ரேஷன் கடைப் பலகையில் எழுதிவைத்து, ஆதார் எண்ணோ வங்கி விவரமோ கேட்கவே மாட்டோம் என்றும் எழுதிவிட வேண்டும்.

கூப்பிடுகிறவர் யார் என்பது இன்னும் முக்கியம். திட்டத்தை நடத்தும் துறையின் ஆளே கூப்பிட்டால், ‘வந்துருச்சு சார்’ என்றுதான் பதில் வரும். எதுக்கு வம்பு என்ற எண்ணம். பக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. புள்ளியியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது? நம் பேச்சிலேயே பேசுகிறவராகவும் இருப்பார்கள். புதுச்சேரி என்றால் மாகிக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு பேசத் தெரிந்தவர்கள் வேண்டும். நான்கு துண்டாகக் கிடக்கும் ஆட்சிப் பகுதியில், அதிகாரி ஏனாம் வரை போய்ப் பார்த்து வருவதைவிடப் போன் எவ்வளவோ மேல்.

இந்த வழிக்கும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். வந்ததா என்ற கேள்வி, வரவேண்டியவர் என்று முடிவானவரிடம்தான் கேட்கப்படும். தகுதி இருந்தும் விடுபட்டவருக்கு இந்தப் போன் மணி அடிக்காது.

விடுபட்டவர் விஷயத்தில் மகளிர் உரிமைத் தொகை நடந்த விதத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு ரூ.1,000 போனது. விண்ணப்பம் ஏற்கப்படாதவர்களுக்குக் காரணத்தோடு மெசேஜ் அனுப்பி, 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வுக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். நிராகரித்த காரணம் சரியா தப்பா என்பது தனி வழக்கு. காரணம் சொன்னார்கள், வேறொரு அலுவலர் மறுபடி பார்த்தார் என்பதுதான் இங்கே பாடம். வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்று அளவுகோல் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், ‘எனக்கு ஏன் இல்லை’ என்று கேட்கவாவது முடிந்தது. முதியோர் உதவித்தொகையில் இந்த வசதி இருந்திருந்தால் எத்தனையோ பேர் புரோக்கரிடம் காசு கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆக, எதை எடுப்பது?

கடலூர் மாவட்டத்துக்கு என் தேர்வு போன்தான், முதல் மாதத்திலிருந்தே. அதோடு கூடவே, செலவில்லாத ஒரு வேலை: ரேஷன் கடைச் சுவரிலும் வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் ஒவ்வொரு திட்டத்தின் பயனாளிப் பட்டியலையும் ஒட்டிவிடுவது, போன் எண்ணும் ஆதார் எண்ணும் இல்லாமல் பெயரும் தெருவும் மட்டும். போனின் ஓட்டையைச் சுவர் கொஞ்சம் அடைக்கும். முழு சமூகத் தணிக்கையை உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருக்கும் காலத்துக்கு வைத்துக்கொண்டு, அதுவரை நூறு நாள் வேலையும் வீடு கட்டும் திட்டமும் நடக்கும் ஊர்களில் மட்டும் செய்தால் போதும்.

திங்கட்கிழமைக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரே ஒரு மாற்றம். இரண்டாவது முறை வரும் மனுவை மட்டும் தனியாகப் பிரித்து, பீகார் மாதிரி எதிரெதிர் உட்காரவைத்து விசாரிக்க ஒரு துணை ஆட்சியரை நியமிப்பது. முதல் முறை மனு எத்தனை வந்தது என்ற எண்ணிக்கையைவிட, இரண்டாம் முறை எத்தனை வந்தது என்பதுதான் எனக்கு நம்பகமான அளவுகோல். சேவை உரிமைச் சட்டம் மாவட்டத்தின் கையில் இல்லை, கோட்டையில்தான் முடிவாக வேண்டும். வந்தால் சான்றிதழ்களுக்கு நல்லது.

புதுச்சேரிக்கு வரிசை கொஞ்சம் மாறும். அங்கே சட்டமன்றம் இருப்பதால் சேவை உரிமைச் சட்டத்தைத் தானே இயற்றிக்கொள்ள வழி இருக்கிறது. துணைநிலை ஆளுநரோடு கோப்பு ஓடிப்பிடித்து விளையாடினால் என்ன ஆகும் என்பதை அரிசி விஷயத்திலேயே பார்த்துவிட்டோம், ஆனால் கெடு தேதி போட்ட ரசீதை எதிர்த்துச் சண்டை போட எந்தத் தரப்புக்கும் அவ்வளவு காரணம் இருக்காது. அட்டைகள் மொத்தமே மூன்றரை லட்சம் போலத்தான் என்பதால், போன் கேள்வி அங்கே இன்னும் சுலபம். முக்கியமாக, கடைகளை மறுபடி திறந்திருக்கும் சமயத்தில் அரிசி எடை சரியாக இருந்ததா, தரம் எப்படி, கடை எந்த நாளில் திறந்திருந்தது என்று மாதா மாதம் கேட்டுவைத்தால், நாளைக்கு மறுபடி அரிசியா பணமா என்று சண்டை வரும்போது மேடைப் பேச்சுக்குப் பதில் மக்கள் சொன்ன பதில் கையில் இருக்கும்.

செயல்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் மாதக் கணக்கு கட்டாயம் மோசமாகத்தான் வரும், ஏனென்றால் இதுவரை யாரும் கேட்டதில்லை. அதைப் பார்த்துவிட்டு உடனே ஒரு தாசில்தாரை இடமாற்றம் செய்தால், அடுத்த மாதமே எல்லாத் தாலுகாவிலும் பட்டியலில் இருக்கும் போன் எண்கள் அலுவலர்களின் உறவினர் எண்களாக மாறிவிடும். முதல் மூன்று மாதம் இந்தக் கணக்கை அலுவலர்களுக்கு மட்டும் காட்டி, எங்கே அடைத்திருக்கிறது என்று அவர்களையே சொல்லவைக்கலாம். வங்கிக் கணக்கு மாறியதாலா, பெயர் எழுத்துப் பிழையாலா, ஆள் பற்றாக்குறையாலா என்பது வி.ஏ.ஓ.வுக்கும் விற்பனையாளருக்கும்தான் தெரியும். நான்காவது மாதத்திலிருந்து தாலுகா வாரியாகக் கலெக்டர் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். போன் எண்ணை மாற்றும் அதிகாரம் மட்டும் தாலுகா ஆபீஸ் கையில் இருக்கக் கூடாது, அதைப் பயனாளியே இ-சேவை மையத்தில் செய்துகொள்ளும்படி வைத்துவிட வேண்டும்.